மேலே இருந்து எண்ணியவன்

சிங்கி இறால் சத்தம் போடும். கடைத்தட்டில் ஐஸ் மேல் படுத்திருப்பதை வாங்குகிறவர்களுக்கு இது தெரிய வழியில்லை. கடலுக்கடியில் கைவிட்டு இழுத்தவர்களுக்குத் தெரியும். எண்ணெய் காணாத பீரோ கதவு திறப்பதுபோல ஒரு கிரீச்சல். தண்ணீருக்குள் அது காதில் விழுவதைவிடக் கை எலும்பில்தான் அதிகம் விழும். அங்கிருந்து ஏறிப் பல்லுக்கு வரும். முதல் தடவை பயந்துபோய் விட்டுவிட்டேன். மேலே வந்து சொன்னபோது என் மைத்துனன் மிதந்துகொண்டிருந்த லாரி டியூபைக் கட்டிக்கொண்டு சிரித்தான். "அது உங்களப் பாத்து பயந்து கத்துது, நீங்க அதப் பாத்து பயந்து வர்றீங்க. நல்ல ஜோடி மாமா."

அவன் என் மனைவியின் தம்பி. கோவிலம்பாக்கத்தில் குடியிருக்கிறான். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. நான் சேலையூர், கேம்ப் ரோட்டை ஒட்டிய காலனி. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறேன். எனக்கு நாற்பத்தேழு, அவனுக்கு முப்பத்தெட்டு. எங்கள் இருவர் பரம்பரையிலும் கடலில் கால் நனைத்ததைத் தாண்டி யாரும் போனதில்லை. கடல் எங்களிடம் வந்தது ஒரு லிஃப்ட் வழியாக.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் அடுக்குமாடியில் மீன் கொடுக்கப் போன படகுக்காரர் ஒருவர், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். கூடை வவ்வால் மீனோடு ஒரு மணி நேரம். அவரை வெளியே எடுத்தவன் என் மைத்துனன். "உள்ள வச்சி கருவாடாக்கிடுவாங்கன்னு நெனச்சன் சார்" என்றாராம் அவர். அன்றைக்கே சிநேகிதமாகிவிட்டார்கள். அவர் குப்பத்திலிருந்து ஃபைபர் படகில் இருபது நிமிடம் போனால் ஒரு பார் இருக்கிறது. கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டை அவர்கள் பார் என்கிறார்கள். மூன்று பாகம் ஆழம். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். மாசி, பங்குனியில் தண்ணீர் தெளிந்துவிட்டால் மேலிருந்தே பாறையின் முதுகு கறுப்பாகத் தெரியும். அங்கே சிங்கி இறால் உண்டு, நீச்சல் தெரியுமா என்று கேட்டார். மைத்துனன் தெரியும் என்றான். எனக்கும் தெரியும் என்று அவனே சொல்லிவிட்டான்.

ஒரு மாசியில் ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போனோம். மேடவாக்கம் தாண்டி, சோழிங்கநல்லூர் தாண்டி, ஒரே வண்டியில் இருவரும். படகுக்காரர் எங்களை ஒரு லாரி டியூபோடு பாரின் மேல் இறக்கிவிட்டு, வலை பார்க்கப் போய்விடுவார். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை நாங்கள் இருவர்தான். கரையில் கட்டிடங்கள் சாய்ந்த பல் மாதிரி தெரியும். எப்போதாவது ஒரு விமானம் மிகத் தாழ்வாக வந்து, மீனம்பாக்கம் பக்கம் திரும்பும்.

பிடிக்கும் விதம் இதுதான். பகலில் அது பாறை இடுக்கில் உட்கார்ந்திருக்கும். நீண்ட மீசை மட்டும் வெளியே வந்து, யாரையோ வரச்சொல்வதுபோல ஆடிக்கொண்டிருக்கும். மீசை நுனியைப் பிடித்தால் ஒடிந்து கையோடு வந்துவிடும். அவசரப்படக் கூடாது. மீசை நம் கையைத் தொட்டுத் தடவிப் பார்க்க விட வேண்டும். அது சந்தேகப்படுவதற்குள் மீசையின் அடிக்கட்டையைக் கெட்டியாகப் பற்றி இழுக்க வேண்டும். உடம்பெல்லாம் முள் என்பதால் கட்டிட வேலைக்காரர்கள் போடும் ரப்பர் கையுறை. இடுப்பில் ஈயக்குண்டு கோர்த்த பெல்ட். அது இல்லாவிட்டால் கடல் உப்பு நம்மை மேலே தள்ளிவிடும். பெல்ட் ஒன்றுதான் இருந்தது. ஒருவன் இறங்கும்போது அடுத்தவன் டியூபில் இருப்பான். மேலே இருக்கிறவனுக்கு வேலை எண்ணுவது.

எண்ணுவதற்கு விதி உண்டு. கீழே போகிறவனின் இடது மணிக்கட்டில் கயிறு. மறுமுனை மேலே இருப்பவன் கையில். நாற்பது எண்ணியதும் ஒரு சுண்டு சுண்டி இழுக்க வேண்டும். கீழே இருப்பவன் ஒரு தடவை பதிலுக்கு இழுத்துவிட்டுக் கிளம்பி வர வேண்டும். வாய்விட்டுத்தான் எண்ண வேண்டும். படகுக்காரர் இதில் கண்டிப்பு. "மன்சுக்குள்ள எண்ணாத சார். மன்சு ஃப்ராடு. பயந்தா ஓடும், குஷியா இருந்தா தூங்கும். வாயால எண்ணு. நாலு வூடு தள்ளி கேக்கறமாரி எண்ணு."

நடுக்கடலில், எதிரே ஆளே இல்லாமல், ஒருவன் சத்தமாக ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டிருப்பது முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கம் போய் வேறொன்று வந்தது. என் குரலுக்குத் திரும்ப எதிரொலி கிடையாது. சுவர் இல்லாத இடத்தில் குரல் வாயைவிட்டுப் போனால் போனதுதான். நாற்பது வரை எண்ணுகிற நேரத்தில், கீழே இருப்பது உண்மையிலேயே ஓர் ஆள்தானா, அவனை நான்தான் அனுப்பினேனா என்று தோன்ற ஆரம்பிக்கும். அதற்குள் தண்ணீர் பிளந்து ஒரு தலை வரும். அப்பாடா என்றிருக்கும்.

நாலைந்து கிடைக்கும். உயிரோடு ஈரச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, குளியலறை வாளியில் போட்டு வைப்போம். சமைக்கும்வரை அங்கிருந்து அந்தக் கிரீச்சல் வரும். என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்வாள், "போங்க, உங்க ஃபிரெண்ட்ஸ் கூப்பிடறாங்க." மைத்துனனும் அவன் மனைவியும் மதியம் சாப்பிட வருவார்கள். வயிற்றில் முட்டை ஒட்டியிருக்கும் பெட்டை கிடைத்தால் அங்கேயே விட்டுவிடுவோம். மற்றதெல்லாம் தொக்கு.

இதுவரைக்கும் சாதாரண விளையாட்டு. அடுத்து நடந்தது என்னால் நடந்தது.

எங்கள் காலனிப் பூங்காவில் காலை ஐந்தரைக்கு மூச்சுப் பயிற்சி உண்டு. ரிட்டையர் ஆன இன்ஜினீயர் ஒருவர் நடத்துகிறார். வயிற்றை வெட்டி வெட்டி, வேகவேகமாக மூச்சை வெளியே தள்ளும் பயிற்சி. ஐம்பது தடவை தள்ளிவிட்டு நிறுத்தினால், கொஞ்ச நேரத்துக்கு மூச்சே வேண்டாம்போல் இருக்கும். உடம்பு லேசாகி, விரல் நுனியெல்லாம் சிலிர்க்கும். தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவனுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. நான் அதை டியூபின் மேல் உட்கார்ந்து மைத்துனனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எழுதும்போது கை கூசுகிறது. மூச்சு முட்டுகிறது என்று உடம்பு கத்துவது ஆக்ஸிஜன் தீர்ந்ததால் இல்லை. கரியமில வாயு சேர்ந்ததால். அதை வேகமாக ஊதி வெளியே தள்ளிவிட்டால் உடம்பு கத்தாது. ஆக்ஸிஜன் மட்டும் சத்தமில்லாமல் தீர்ந்துகொண்டிருக்கும். இதை நான் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். டியூபின் மேல் உட்கார்ந்தபோது ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

படகுக்காரர் ஒருநாள் நாங்கள் இருவரும் வயிற்றை வெட்டுவதைப் பார்த்துவிட்டார். "இன்னா சார் இது, குக்கர் விசில் வக்கறமாரி? பருப்பு வெந்துச்சா?"

"பிராணாயாமம்ணா" என்றான் மைத்துனன்.

"எங்காளுங்க மூணு மூச்சு இழுப்பாங்க, போவாங்க. நீங்க படிச்சவங்க, ஊதிகினு கெடங்க."

பருப்பு வெந்தது. அவன் மூச்சு நீண்டுகொண்டே போனது. நாற்பதில் நான் சுண்டினால், "என்ன மாமா, இப்பத்தானே எறங்கினேன்" என்று சலித்துக்கொண்டு வருவான். விதியை அறுபதாக்கினோம். பிறகு எண்பது. என்னால் ஐம்பத்தைந்துக்கு மேல் முடியவில்லை. எனவே அவனே அதிகம் இறங்கினான், நான் அதிகம் எண்ணினேன்.

நேரம் கூடக்கூட இறால் அதிகம் கிடைக்க வேண்டும். குறைந்தது. முதலில் இரண்டு, பிறகு ஒன்று. ஒரு ஞாயிறு வெறும் கையோடு மூன்று முறை வந்தான்.

"ஒண்ணுகூட இல்லையா?"

"இருந்துது. நெறைய இருந்துது."

"அப்புறம்?"

"கைமேல ஏறி உக்காந்துச்சு மாமா. புடிக்கத் தோணல."

முகமூடிக் கண்ணாடிக்குள் அவன் கண் அகலமாக, கழுவிவிட்டதுபோல இருந்தது. வாயாடி அவன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரரோடு அரசியல் பேசுகிறவன். அந்த மாதத்தில் பேச்சு குறைந்துவிட்டது. திரும்பும்போது என் முதுகில் சாய்ந்துகொண்டு வருவான், மேடவாக்கம் சந்திப்பில் அத்தனை ஹாரனுக்கு நடுவே ஒருநாள் காதருகே சொன்னான், "லிஃப்ட் ஷாஃப்டுல, பவர் ஆஃப் பண்ணிட்டு, அடியில நின்னா அமைதியா இருக்கும்னு நெனப்போம். ஆனா கேபிள் முனகும். எங்கியாவது தண்ணி சொட்டும். அங்க ஒண்ணுமே இல்ல மாமா. மூச்சுகூட வேணாம்னு இருக்கு." நான் ஹெல்மெட்டுக்குள் சிரித்தேன். எனக்குச் சில்லென்றிருந்தது என்பதும் நினைவிருக்கிறது. அதைப் பற்றி அவன் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும் என்பது ஒரு காரணம். அவனைக் கெடுத்தது யார் என்று கேட்பாள் என்பது இன்னொன்று. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு முறை அவன் தலை தண்ணீருக்குள் போகும்போதும், இவன் வரமாட்டானோ என்ற பயத்தோடுதான் ஒன்று என்று ஆரம்பித்தேன்.

பங்குனியில் ஒரு ஞாயிறு. கடல் கண்ணாடி. அலை என்று சொல்ல முடியாத மெல்லிய ஏற்ற இறக்கம் மட்டும், தூங்குகிற மிருகத்தின் விலா மாதிரி. அவன் ஐம்பது தடவை வயிற்றை வெட்டினான். அதற்கு மேலும் வெட்டினான். போதும்டா என்றேன். தலையாட்டிவிட்டுக் கவிழ்ந்தான். கால் துடுப்பு ஒரு தடவை மின்னியது, அவ்வளவுதான்.

எண்ணினேன். அறுபதில் மனசு கேட்காமல் ஒரு சுண்டு சுண்டினேன். பதில் வந்தது. நிம்மதியாக எண்ணினேன். எண்பதில் சுண்டினேன். பதில் வந்தது. வருகிறான் என்று தண்ணீரைப் பார்த்தேன். எண்பத்தைந்து. தொண்ணூறு. யாரும் வரவில்லை. மறுபடி சுண்டினேன். மறுபடி பதில். மெதுவாக, கனமாக, பொறுமையாக ஓர் இழுப்பு. தொண்ணூற்றேழில் நான் ஒன்றும் செய்யாமலே கயிறு தானாக இரண்டு தடவை இழுத்தது. என் வாய் எண்ணிக்கொண்டே இருந்தது. நூறு என்று என் குரல் சொன்னபோதுதான், அந்த இழுப்பில் மனுஷக் கையின் அவசரமே இல்லை என்று உறைத்தது.

பெல்ட் அவனிடம். கயிற்றின் மேல்முனையை டியூபில் கட்டிவிட்டு, அதைப் பிடித்துப் பிடித்துத்தான் நான் கீழே போக வேண்டும். போனேன். காது அடைத்தது. பச்சை வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டே வந்தது. கை மாற்றிக் கை மாற்றி இழுத்து, கயிற்றின் முனைக்கு வந்து சேர்ந்தேன். அங்கே மைத்துனன் இல்லை.

கயிற்றின் முனை ஒரு பாறை மூக்கில் கட்டியிருந்தது. அறுந்து சிக்கவில்லை, கட்டியிருந்தது. இரண்டு முடிச்சு, வால் விட்டு, சுத்தமாக. லிஃப்ட் வேலையில் கருவிப்பையைத் தொங்கவிட அவன் போடும் முடிச்சு. கடல் ஏறும்போது கயிறு விறைத்தது, இறங்கும்போது தொய்ந்தது. எனக்கு இத்தனை நேரம் பதில் சொன்னது அதுதான்.

நாலு முழம் தள்ளி அவனைப் பார்த்தேன். ஒரு பாறைக்குக் கீழே பக்கவாட்டில் படுத்திருந்தான், பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்குகிறவன்போல. வலது கை முழங்கை வரை பொந்துக்குள். கண் திறந்திருந்தது. பொந்திலிருந்து ஐந்தாறு மீசைகள் நீண்டு, அவன் தோள்மேலும் கண்ணாடிமேலும் நகர்ந்துகொண்டிருந்தன. அவசரமில்லாமல், தெரிந்த ஆளைத் தடவுவதுபோல.

தோளைப் பிடித்து இழுத்தேன். கை வரவில்லை. உள்ளே எதையோ பற்றியபடி இறுகியிருந்தது, அல்லது முஷ்டி இடுக்கில் மாட்டியிருந்தது. அல்லது, இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன், உள்ளிருந்து ஏதோ ஒன்று விடாமல் இருந்தது. என் நெஞ்சு வெடிக்க வந்தது. அவனுடைய மணிக்கட்டைப் பற்றி, முதலில் உள்ளே தள்ளி, திருகி, பிறகு இழுத்தேன். கை மட்டும் வந்தது. கையுறை உள்ளேயே தங்கிவிட்டது. பெல்ட் கொக்கியைத் தட்டிவிட்டேன். ஈயம் புழுதி கிளப்பி விழுந்தது. அதற்குப் பிறகு எங்களை உப்புதான் மேலே கொண்டுவந்தது.

மேலே அவன் உதடு நீலம். கண்ணாடியைப் பிடுங்கிவிட்டுக் கன்னத்தில் அறைந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டாவது அறை விழுந்ததும் அவன் மூக்கு சீறியது. ஒரு முழு மூச்சு, கதவு உடைவதுபோல உள்ளே போனது. இருமினான். டியூபில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

அவன் முதலில் சொன்னது ஓர் எண். "முப்பத்திரெண்டு."

"என்னடா?"

"நானும் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். முப்பத்திரெண்டுதான் ஆச்சு." குரலில் கோபமில்லை. சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுப்பப்பட்டவனின் வருத்தம் இருந்தது.

"நூறு தாண்டிருச்சு. கயிற ஏன் அவுத்த?"

"எந்தக் கயிறு?"

அவன் பொய் சொல்லவில்லை. பதினைந்து வருடமாக அந்த முகத்தைப் பார்க்கிறேன். தன் இடது மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தான். கயிறு இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு. அதை ரொம்ப நேரம் பார்த்தான்.

படகு வந்தபோது படகுக்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா இது, ஒதடு நாவப்பழம் தின்னமாரி கீது?" எங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். என்னிடம் கேட்டார், "நீ எண்ணல?"

"எண்ணினேன்."

"அப்பறம் இன்னாத்துக்கு இழுக்கல?"

"இழுத்தேன். பதில் வந்துச்சு."

அவர் டியூபிலிருந்து கீழே போகும் கயிற்றைத் தொட்டார். விரல்களுக்கு நடுவில் அது விறைத்துத் தொய்வதைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தார். மேலே இழுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். இடுப்புக் கத்தியை எடுத்து, தண்ணீர் மட்டத்தில் கயிற்றை அறுத்துவிட்டார். "போவட்டும். அது அங்கயே கெடக்கட்டும்" என்றார். கரையில் இறங்கியபோது மைத்துனன் தோளைத் தட்டி, "வவ்வால் மீனு வேணும்னா வா. பாருக்கு வராத" என்றார். அவ்வளவுதான்.

வண்டி எடுக்கும்போது மைத்துனன் என் கையைப் பிடித்தான். "அக்காகிட்ட சொல்லாதீங்க மாமா. வீட்ல இவகிட்டயும். பயந்துடுவா." சரி என்றேன். எவ்வளவு சீக்கிரம் சொன்னேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது. அவன் கேட்டது எனக்கும் சௌகரியமாக இருந்தது. "ஆனா இனிமே நான் எண்ண மாட்டேன்" என்றேன். எண்ண ஆளில்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்பது அந்தக் கடற்கரையில் எல்லாரும் மதிக்கும் கட்டுப்பாடு. எனவே அதோடு முடிந்தது என்று நம்பினேன்.

அவன் போகவில்லை, விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஞாயிறுகளில் வீட்டில் இருந்தான். டி.வி. பார்த்தான். சித்திரை பிறந்தது.

கத்திரி வெயில் ஆரம்பிப்பதற்கு முந்தின ஞாயிறு, என் மனைவி போட்ட மாங்காய் ஊறுகாய் ஒரு ஜாடியோடு கோவிலம்பாக்கம் போனேன். சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்றாள் மைத்துனன் மனைவி. சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். அவன் நன்றாகச் சாப்பிட்டான், என்னைக் கிண்டல்கூடச் செய்தான். "மாமா ஸ்கூல்ல லீவு விட்டா ஒல்லியாயிடுவார். திட்ட ஆள் கெடைக்காது." பழையவன் திரும்பிவிட்டான் என்று மனசு குளிர்ந்தது. கை கழுவிவிட்டு உள்ளறையில் படுத்தான். நான் கூடத்தில் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"அண்ணா, ஒரு நிமிஷம் வாங்களேன். சத்தம் போடாம."

அவன் பாயில் மல்லாந்து கிடந்தான். மேலே ஃபேன். அவள் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். உதடு அசைந்தது. குரல் இல்லை, ஆனால் அந்த அசைவு எனக்குத் தெரியும். என் வாய் அதே வேலையைச் செய்திருக்கிறது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவன் மார்பைப் பார்த்தேன். பனியன் துணி அசையவில்லை. ஃபேன் காற்றில் தலைமுடி மட்டும் ஆடியது. கண் இமை பாதி திறந்திருந்தது.

ஐம்பத்துமூன்றில் அவன் உடம்பு ஒரு தூக்குத் தூக்கி மூச்சு வாங்கியது.

"இதுமாதிரி எவ்ளோ நாளாம்மா?"

"ஒரு மாசம் இருக்கும்ணா. மொதல்ல குறட்டை நின்னுடுச்சேன்னு சந்தோஷப்பட்டேன்." சிரிக்கப் பார்த்தாள். "அப்புறம்தான் கவனிச்சேன். தெனம் ஏறுது. முந்தாநாள் அறுபத்தாறு. நேத்து எழுபத்தொண்ணு. நான் தூங்கறதே இல்ல. அவர்ட்ட சொன்னா, 'லிஃப்ட் நடுவுல நின்னா பதறக்கூடாது, தானா கெளம்பும்'ங்கறார்."

அவன் மறுபடி நிறுத்தினான். அவள் உதடு மறுபடி அசையத் தொடங்கியது. எண்ணுவதை நிறுத்தாமலே, இடையில் செருகியதுபோல என்னைக் கேட்டாள். "நீங்க சயின்ஸ் சொல்லித் தர்றவங்கதானேண்ணா. எத்தன வரைக்கும் விடலாம்? எதுக்கு மேல எழுப்பணும்?"

அவள் கேட்டது ஓர் எண். சும்மா ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போயிருக்கலாம். நாற்பது என்று வாய் வரை வந்தது. அந்த நாற்பதை அறுபதாக்கியவன் யார், எண்பதாக்கியவன் யார்? அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். சொன்னேன். பூங்காவில் கற்றதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது, வெறும் கையோடு அவன் மேலே வந்தது, பாறையில் கட்டியிருந்த கயிறு, நீல உதடு, நூறு, முப்பத்திரெண்டு, அவன் வாங்கிய சத்தியம், அதை நான் சந்தோஷமாகக் கொடுத்தது. எல்லாம். அவள் என் முகத்தையே பார்த்தாள். சொல்லி முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அவள் உதடு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. இருவருமே எண்ணவில்லை. எத்தனை போயிருக்கும் என்று சொல்ல அந்த அறையில் ஆளில்லை. எங்கள் நடுவில் அவன் கிடந்தான்.

அவள் அவன்மேல் விழுந்தாள். இரண்டு கையாலும் தோளைப் பற்றி உலுக்கினாள், பாயோடு உலுக்கினாள். நான் பாதத்தைப் பிடித்தேன். ஜில்லென்றிருந்தது, வெளியே அந்த வெயில். மூன்றாவது உலுக்கலில் அவன் வாய் திறந்து காற்று உள்ளே போனது. இமை முழுதாகத் திறந்தது. முதலில் எங்கள் இருவரையும் தாண்டி எதையோ பார்த்தான். பிறகு அவளை. பிறகு என்னை.

"சொல்லிட்டீங்களா மாமா" என்றான்.

"சட்டயப் போடுங்க" என்றாள் அவள். "இப்பவே போறோம்."

"ஞாயித்துக்கெழம டாக்டர் எங்க இருப்பாரு."

"எமர்ஜென்சில இருப்பாரு. போடுங்க."

அவனே சட்டை போட்டான். பட்டன் மாற்றிப் போட்டதை அவள் அவிழ்த்துச் சரியாகப் போட்டாள். தெருமுனையில் ஆட்டோ பிடித்தோம். பின்னால் மூன்று பேருக்கு இடமிருந்தது. நான் ஏறப்போனேன். அவள், "நீங்க முன்னாடி உக்காந்துக்கோங்கண்ணா" என்றாள். அண்ணா என்றுதான் சொன்னாள். டிரைவர் சீட்டில் ஒட்டி, ஒரு தொடை வெளியே தொங்க உட்கார்ந்தேன். கண்ணாடியில் அவள் கை தெரிந்தது, அவன் மார்பின்மேல் விரித்து வைத்தபடி. கீழ்க்கட்டளை வரை அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.

சிக்னலில் நின்றபோது டிரைவர் எங்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்று பேரும் திடமாக உட்கார்ந்திருந்தோம். "எமர்ஜென்சின்னீங்களே சார். யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

நான் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். சிக்னல் விழுந்தது, பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"எனக்குத்தாண்ணா" என்றது மைத்துனன் குரல். "கொஞ்சம் சீக்கிரம் போங்க."